சிவப்புப் புள்ளி யாருக்கு?

கல்லூரிக் கண்காட்சிக்கு வரும் மாணவர்களில், படிப்பில் ஒரு வருடம் விட்டுப்போனவர்களை வாசலிலேயே கண்டுபிடித்து, அவர்கள் சட்டையில் குத்தியிருக்கும் பெயர் அட்டையில் ஒரு சிவப்புப் புள்ளி ஒட்டிவிடுகிறார்களாம். அந்தப் புள்ளியைப் பார்த்ததும், எந்தக் கல்லூரியின் மேசையாக இருந்தாலும், உட்கார்ந்திருப்பவர் மலர்ந்த முகத்தோடு ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கொடுத்து அனுப்பிவிடுவாராம். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டாராம்.

இந்தச் செய்தி என் காதில் விழுந்தபோது நான் ஒரு ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் காரை மணிக்குப் பதினெட்டுக் கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில், தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை நம்பி வாழும் மாஸ்டர். செய்தி வந்தது பின்சீட்டிலிருந்து. சொன்னவள் மாஸ்டரின் ஒரே மகள்.

அவளுக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு. ஆனால் வண்டி கற்றுக்கொள்ள வந்த அத்தனை பேருக்கும் அவள் 'பின்சீட்டு'தான். அம்மாவுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. மாலை ஏழுக்கு முன்னால் வீடு திரும்ப முடியாது. அதனால் ஆறு வயதிலிருந்து பள்ளி விட்டதும் அப்பாவின் வண்டியில் ஏறி, முன்னால் யாரோ கிளட்சை விட்டு எஞ்சினை அணைத்துக்கொண்டிருக்க, பின்னால் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்தவள். அவளுடைய கையெழுத்து கோணலாக இருப்பதற்கு இந்த ஊரில் பாதிப் பேர் பொறுப்பு. நானும் உண்டு.

புள்ளி என்ற வார்த்தையைக் கேட்டதும் மாஸ்டர் பிரேக்கை அமுக்கினார். சாலையில் ஒரு பூனைகூட இல்லை. பின்னால் நாலு வண்டிகள் ஹாரன் அடித்தன. மாஸ்டர் திரும்பாமல், மேலே தொங்கும் கண்ணாடியிலேயே மகளைப் பார்த்து, யார் சொன்னது என்று கேட்டார். வகுப்பில் எல்லாரும் சொல்கிறார்கள் என்றாள். மாஸ்டர் என்னைப் பார்த்து, 'வண்டிய எடுங்க சார்' என்றார். எடுத்தேன். அணைந்தது.

மற்றவர்களுக்கு வெறும் வாய்ப்பேச்சாகப் போயிருக்கும் விஷயம் இந்த வண்டிக்குள் மட்டும் ஏன் பிரேக் வரை போனது என்பதைச் சொல்லிவிடுகிறேன். பின்சீட்டுக்கு ஒரு வருடம் விட்டுப்போயிருக்கிறது. இரண்டு வருடங்களுக்கு முன் பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வின் முதல் நாள், அவள் தேர்வு மையத்தின் வாசல் வரை போனாள். சுவரில் ஒட்டியிருந்த பட்டியலில் தன் எண்ணைப் பார்த்தாள். சரியாக இருந்தது. பேனா இரண்டு இருந்தன. எல்லாம் சரியாக இருந்ததைப் பார்த்தபோதுதான் கால்கள் மறுத்தன என்றாள், பிற்பாடு ஒருநாள். திரும்பி நடந்து, பயிற்சி மைதானத்துக்கு வந்து, ஓடாமல் நின்ற வண்டியின் பின்கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள். அப்போது ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தவர் ஒரு தையல்காரர். மாஸ்டர் கண்ணாடியில் மகளைப் பார்த்தார். கையில் கட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். தையல்காரரிடம், இன்னொரு சுற்று போகலாம் என்றார். மூன்று சுற்று போனார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை வீட்டிலும் யாரும் கேட்கவில்லை.

ஊருக்கு மட்டும் ஒரு பதில் தேவைப்பட்டது. மாஸ்டர் அதை அன்று மாலையே தயார் செய்துவிட்டார்: மஞ்சள் காமாலை.

கண்காட்சிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. நாற்பத்திரண்டு கல்லூரிகள் வந்தாலும் அவளுக்கு வேண்டியது முப்பத்தொன்றாம் எண் மேசை ஒன்றுதான். சாலைகளையும் சந்திப்புகளையும் எப்படி அமைப்பது என்று சொல்லிக்கொடுக்கும் கல்லூரி அது; எட்டு மணி நேர ரயில் தூரம்; தொலைபேசியை எடுத்ததாகச் சரித்திரம் இல்லை. வருடத்தில் ஒரே ஒரு நாள் இந்த ஊருக்கு வந்து உட்காருவார்கள். விட்டுப்போன வருடத்தோடு அங்கே சேர முடியுமா, முடியாதா? அவள் தெரிந்துகொள்ள வேண்டியது அதுதான். முடியாது என்றால் வேறு கல்லூரி பார்க்கலாமே என்று கேட்டேன். பின்சீட்டு தன் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து முன்னால் நீட்டினாள். பன்னிரண்டு வருடம் பின்னால் உட்கார்ந்து அவள் எண்ணியது முழுக்க அதில் இருந்தது. மருத்துவமனைச் சந்திப்பில் நடப்பவர்களுக்கு விளக்கு ஒன்பது விநாடி எரிகிறது. கைத்தடியோடு கடப்பவருக்குப் பதினாலு விநாடி வேண்டும். இப்படி அறுபது பக்கம். நான் மறுபடி அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

வதந்தியை நான் விசாரித்துச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு விசாரிக்கத் தெரியும் என்று அந்தக் குடும்பம் நம்பியது. நானும் நம்பினேன்.

முதலில் வகுப்புத் தோழி. அவள் பார்க்கவில்லை, பெரியம்மா மகன் பார்த்தானாம். பெரியம்மா மகனைப் பிடித்தேன். அவன் கண்காட்சிக்கே போகவில்லை. போன ஒருவன் புள்ளியோடு திரும்பி வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டானாம். அடுத்து, பள்ளி அலுவலகத்தின் எழுத்தர். அவர் பெஞ்சில் என்னை இருபது நிமிடம் உட்கார வைத்துவிட்டு, தனக்கு எதுவும் தெரியாது என்றும், ஆனால் அது உண்மைதான் என்றும் சொன்னார். இந்த அளவில் எனக்குத் தெம்பு வந்துவிட்டது. இப்படிப்பட்ட வதந்திகளை எத்தனையோ பார்த்தவன். கடைசியாக ஒரு சம்பிரதாயத்துக்காக, கண்காட்சிக்கு அட்டைகள் அடித்துக்கொடுக்கும் அச்சகத்துக்குப் போனேன். இந்த மாதிரி ஒரு புள்ளியை யாராவது அடிப்பார்களா என்று சிரித்துக்கொண்டே கேட்டேன்.

அச்சகக்காரர் சிரிக்கவில்லை. இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்து மேசைமேல் போட்டார். தாள் முழுக்கச் சிவப்புப் புள்ளிகள், வரிசைக்குப் பத்தாக.

'போன வருஷம் நானூறு. இந்த வருஷம் அறுநூறு கேட்டிருக்காங்க' என்றார்.

எதற்கு என்றேன். சிவப்பு கேட்டார்கள், சிவப்பு கொடுத்தேன் என்றார். யாரைக் கேட்டால் தெரியும் என்றேன். பணம் கொடுத்தவனைக் கேளுங்கள், அவன் போன மாதம் வேலையை விட்டுப் போய்விட்டான் என்றார். ஒரு புள்ளியை உரித்து என் சட்டைப் பையின் மேல் ஒட்டியும் காட்டினார். நல்ல பசை.

இதை நான் வண்டிக்குள் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன். விசாரித்தவன் விசாரித்ததைச் சொல்லாமல் இருக்க முடியுமா என்ற திமிர்தான் காரணம். பின்சீட்டு என் பையின் மேலிருந்த புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயந்தால் அவளுடைய வலது உள்ளங்கை மட்டும் வியர்க்கும்; அதைப் பாவாடையில் துடைத்துத் துடைத்து அந்த இடமே நிறம் மாறியிருந்தது.

மாஸ்டருக்குப் பயம் வந்தால் சுண்ணாம்புப் பொடியை எடுப்பார். இருபத்திரண்டு வருடத்தில் மூவாயிரம் பேரைத் தேர்வுக்கு அனுப்பியவர். எட்டு போட வைப்பதற்கு வைத்திருக்கும் பொடியால், மறுநாள் மைதானத்தில் கண்காட்சி மண்டபத்தை முழு அளவில் வரைந்தார். வரைபடத்தை இணையத்திலிருந்து எடுத்திருந்தார். நாற்பத்திரண்டு மேசைக்கு நாற்பத்திரண்டு கூம்புகள். இருபத்தாறு கூம்புதான் கைவசம். மிச்சத்துக்குத் தண்ணீர் வாளி, பழைய டயர், ஒரு ஸ்டூல். முப்பத்தொன்றாம் மேசைக்கு என்னை உட்கார வைத்தார். முகத்தை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தார்: ஓட்டுநர் உரிமம் கொடுக்கும் ஆய்வாளர் மாதிரி. அதாவது, எதிரில் இருப்பவர் பிறந்ததே தப்பு என்பது மாதிரி. எனக்கு அது இயல்பாகவே வந்தது.

அவருடைய பாடம் நாலே நாலு. ஆய்வாளர் வாயைத் திறக்கும்வரை நீ வாயைத் திறக்காதே. கோட்டுக்கு இந்தப் பக்கம் நில். கேட்டதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல். நீ அவரை எதுவும் கேட்காதே. கேள்வி கேட்டவன் எவனும் தேறியதில்லை. இதை வைத்து மூவாயிரம் பேர் உரிமம் வாங்கியிருக்கிறார்கள். கல்லூரிக்கும் செல்லும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அவர் எட்டாம் வகுப்போடு நின்றவர். அதிகாரிகள் உட்காரும் இடம் எல்லாமே அவருக்கு ஒரே இடம்தான்.

எட்டு நாள் ஒத்திகை நடந்தது. அவள் வருவாள், கோட்டில் நிற்பாள், நான் முறைப்பேன். நான் கேட்பேன்: ஒரு வருடம் எங்கே? அவள் சொல்வாள்: 'காமாலை.' மாஸ்டர் ஓரத்தில் நின்று தலையாட்டுவார். மூன்றாம் நாளிலிருந்து அந்த வார்த்தையைச் சொல்லும்போது அவள் குரல் உடைய ஆரம்பித்தது. ஆறாம் நாள் வார்த்தை வரவேயில்லை. உதடு மட்டும் அசைந்தது. நாக்கு ஒட்டிக்கொண்டது என்றாள். மாஸ்டர் தண்ணீர் கொடுத்து இன்னொரு சுற்று என்றார்.

ஏழாம் நாள் அவள் அம்மா வேலை முடிந்து நேராக மைதானத்துக்கு வந்துவிட்டார். நாள் முழுக்கப் பிறர் ரத்தத்துக்குச் சீட்டு ஒட்டிவிட்டு வருகிறவர், அதிகம் பேசமாட்டார். கூம்புகளுக்கு நடுவே கைப்பையோடு நின்று ஒரு சுற்றைப் பார்த்தார். பிறகு கணவரைக் கூப்பிட்டார்.

'அவ கேள்வி கேக்கத்தானே அங்க போறா?'

'கேட்டா ஃபெயிலுடி.'

'சரி. காமாலைன்னா ரிப்போர்ட் கேப்பாங்க. யார் ரத்தத்தக் குடுக்கப் போறீங்க? உங்களுதா, சாருதா?'

என்னையும் இழுத்ததால் நான் ஆய்வாளர் முகத்தை உடனே கலைத்துவிட்டேன். மாஸ்டர் டயரின் மேல் உட்கார்ந்துவிட்டார். வேறு என்னதான் சொல்வது என்று கேட்டார். அந்த அம்மாள் மகளைப் பார்த்தார், மகள் தரையைப் பார்த்தாள். இரண்டு வருடமாகக் கேட்காத கேள்வி அந்த மைதானத்தில் வந்து நின்றது. அன்றும் யாரும் கேட்கவில்லை. கூம்புகளை அடுக்கிக்கொண்டு எல்லாரும் வீட்டுக்குப் போனோம்.

கண்காட்சி அன்று காலை வண்டியை மாஸ்டரே ஓட்டினார். இருபத்திரண்டு வருடமாக அவர் இடது பக்கம் உட்கார்ந்தே பழகியவர். இரண்டு இடத்தில் கியர் மாற்ற மறந்தார். நானும் உடன் போனேன். அம்மா முந்தின நாள் இரவு கோப்பு தயார் செய்திருந்தார். ரத்தக் குழாய்களுக்கு ஒட்டும் அதே சின்னச் சீட்டுகளை ஒட்டி, மதிப்பெண், முகவரிச் சான்று, நோட்டின் நகல் என்று பிரித்து வைத்திருந்தார். விட்டுப்போன வருடத்துக்கும் ஒரு பிரிவு இருந்தது. அதில் ஒரு வெள்ளைத் தாள்.

மண்டபத்து வாசலில் மாஸ்டர் எஞ்சினை அணைக்கவில்லை. நீங்க வரலையா என்று மகள் கேட்கவும் இல்லை. 'கண்ணாடி பாத்து இறங்கு' என்றார். இறங்கினாள்.

இனி சொல்வது அவள் அன்று மதியம் பின்சீட்டிலிருந்து சொன்னது.

பதிவு மேசையில் பெயர் அட்டை கொடுத்தார்கள். அதில் புள்ளி இல்லை. எதையும் கேட்கவில்லை. அவளுக்கு மூச்சு வந்தது. அப்படியே கூட்டத்தோடு கூட்டமாக நகர்ந்தாள். இடது பக்கம் ஒரு மேசையிலிருந்து ஒருவர் துணிப்பை ஒன்றை அவள் கையில் திணித்தார். இன்னொருவர் எட்டி, அவள் அட்டையில் எதையோ அமுக்கி ஒட்டினார். குனிந்து பார்த்தாள். சிவப்புப் புள்ளி.

யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை. அவள் எதுவும் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நினைத்தாளாம். திரும்பிப் போக நினைத்தாள். பின்னாலிருந்து கூட்டம் தள்ளியது. நகத்தால் சுரண்டினாள், வரவில்லை. (பசையைப் பற்றி முன்பே எனக்குத் தெரியும்.) கால்கள், மைதானத்தில் பழகிய பாதையில், தாமாகவே அவளை முப்பத்தொன்றாம் மேசை வரை கொண்டுபோய் விட்டுவிட்டன.

மேசையில் ஒரு பெண்மணி தனியாக உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார். முன்னால் பச்சை விரிப்பு. பின்சீட்டு விரிப்பின் ஓரத்தில், கோட்டுக்கு இந்தப் பக்கம், நிமிர்ந்து நின்றாள். ஆய்வாளர் வாயைத் திறப்பதற்காகக் காத்திருந்தாள். அவர் பழத்தைத் தின்றார். ஐந்து நிமிடம் ஆனது. இடையில் ஒருவர் வந்து, அவள் நிற்கும் விதத்தையும் கையிலிருந்த கோப்பையும் பார்த்து, மண்டபத்து ஆள் என்று நினைத்து, கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டார். வலது, பதினேழாம் மேசை தாண்டி, என்றாள். அடுத்தவர் நர்சிங் எங்கே என்றார். ஒன்பது, பத்து, என்றாள். மண்டபம் முழுக்க அவளுக்குச் சுண்ணாம்பில் பாடம். பதினொரு நிமிடத்தில் ஆறு பேருக்கு வழி சொன்னாள். தனக்கு மட்டும் வழி தெரியவில்லை. இன்னும் நூறு எண்ணிவிட்டுப் போய்விடுவது என்று முடிவு செய்து எண்ண ஆரம்பித்தாள்.

நாற்பதாவது எண்ணில் யாரோ முழங்கையைத் தொட்டார்கள். கரும்பச்சைச் சீருடை போட்ட ஒரு பெண். பதினேழு வயது இருக்கலாம். தன் பெயர் அட்டையை உள்ளங்கையால் மூடிப் பிடித்திருந்தாள்.

'அக்கா, உங்களுக்கும் ஒரு வருஷம் போச்சா?'

பின்சீட்டுக்குப் புரியவில்லை. அந்தப் பெண் கண்ணால் புள்ளியைக் காட்டினாள்.

'எனக்கும் போச்சு. இன்னும் ஒட்டல. பயந்துக்கிட்டு சுவர் ஓரமாவே வந்துட்டேன். புள்ளி இருந்தா பேசுவாங்களா அக்கா? கேட்டீங்களா?'

கேட்கவில்லை என்று சொல்ல வாய் வரவில்லையாம். அந்தப் பெண் அட்டையை மூடிய கையை எடுக்கவேயில்லை. பின்சீட்டு சொன்னது இது:

'இங்கயே நில்லு. நான் கேட்டுட்டு வந்து சொல்றேன்.'

சொல்லிவிட்டுக் கோட்டைத் தாண்டினாள். அப்பாவின் நாலு பாடத்தில் மூன்றை ஒரே அடியில் மிதித்தாயிற்று.

அந்தப் பெண்மணியிடம், சிவப்புப் புள்ளி இருப்பவர்களிடம் பேசுவீர்களா என்று கேட்டாள். அவர் விழித்தார். என்ன புள்ளி என்றார். பின்சீட்டு அட்டையைத் தூக்கிக் காட்டினாள். பெண்மணி எட்டி அந்தப் புள்ளியை விரலால் தட்டிவிட்டுச் சிரித்தார். பிறகு தன் தோள்பட்டையைத் திருப்பிக் காட்டினார். அங்கேயும் ஒன்று.

'இதுவா? பை வாங்கியாச்சுன்னு அர்த்தம்மா. ஆளாளுக்கு ரெண்டு மூணு வாங்கிட்டுப் போறாங்கன்னு ஒட்டுறாங்க. நான் என் பையனுக்காக ஒண்ணு வாங்கினேன், எனக்கும் ஒட்டிட்டாங்க.'

பின்சீட்டு மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் அவளுடைய கேள்வி புள்ளியோடு முடிகிற கேள்வி இல்லையே. ஒரு பெண் இருக்கிறாள், ஒரு வருடம் விட்டுப்போயிருக்கிறது, இந்தக் கல்லூரியில் சேர்ப்பீர்களா என்றாள். பெண்மணி பழத்தோலை ஓரமாக ஒதுக்கினார்.

'அந்தப் பொண்ணு வேற யாராவதா, நீயா?'

'ரெண்டு பேரும்.'

ஒரு வருடம் வரை தடை இல்லை என்றார் அவர். விண்ணப்பத்தோடு ஏன் விட்டுப்போனது என்று ஒரு பக்கம் எழுதித் தரவேண்டும், மாதக் கடைசிக்குள். உனக்கு ஏன் போனது என்று கேட்டார். பின்சீட்டுக்குக் காமாலை நாக்கு நுனி வரை வந்ததாம். எட்டு நாள் ஒத்திகை சும்மா போகுமா? ஆனால் வெளியே வந்தது வேறு.

'வாசல் வரைக்கும் போனேன். பயமா இருந்துச்சு. திரும்பிட்டேன்.'

அதைக் கேட்டு அந்தப் பெண்மணியின் முகம் மாறவில்லை. அதையே எழுது, நீட்டாதே, வருகிற கடிதத்தையெல்லாம் நான்தான் படிக்கவேண்டியிருக்கிறது என்றார். பிறகு நோட்டின் நகலைப் புரட்டிப் பார்த்து, மருத்துவமனைச் சந்திப்புப் பக்கத்தில் நிறுத்தி, பதினாலு விநாடியை எப்படி அளந்தாய் என்று கேட்டார். அதற்கு மட்டும் பின்சீட்டு ஒரே வார்த்தையில் பதில் சொல்லவில்லை.

எல்லாம் ஒன்பது நிமிடம். விண்ணப்பம் இரண்டாக வாங்கிக்கொண்டு திரும்பினாள். விரிப்பின் ஓரத்தில் கரும்பச்சைச் சீருடை இல்லை.

அவள் மண்டபத்தை மூன்று தடவை சுற்றினாள். சுவர் ஓரம், கழிப்பறை, மாடிப்படி. ஒலிபெருக்கியில் கூப்பிடச் சொன்னாள். பெயர் என்ன என்றார்கள். பெயர் தெரியாது, கையால் மூடியிருந்தாள். வாசலில் நின்றவர், அப்படி ஒரு பெண் வேகமாக வெளியே போனதாகச் சொன்னார்.

இதைச் சொல்லும்போதுதான் பின்சீட்டு அழுதாள். முப்பத்தொன்றாம் மேசையில் அழவில்லை. 'அவ தூரத்துல நின்னு பாத்திருப்பா. அந்த மேடம் என் புள்ளியத் தட்டிச் சிரிச்சாங்க. அவளுக்கு அது எப்படித் தோணியிருக்கும்?' என்றாள். மாஸ்டர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். முதல்முறையாகத் திரும்பியும் பார்த்தார்.

அவளுடைய ஒரு பக்கக் கடிதம் போய்விட்டது. மாஸ்டர் அதைப் படித்தார் என்றும், படித்துவிட்டு வாசலில் போய்ச் சிறிது நேரம் நின்றார் என்றும் அவள் அம்மா சொன்னார். பதில் இன்னும் வரவில்லை. வருவதற்கு ஒரு மாதம் ஆகுமாம். உறவினர் யாராவது காமாலையைப் பற்றி விசாரித்தால் மாஸ்டர் இப்போது வண்டிக்கு எண்ணெய் மாற்றவேண்டும் என்று எழுந்துவிடுகிறார்.

இந்த ஊரில் கரும்பச்சைச் சீருடை மூன்று பள்ளிகளில் இருக்கிறது. இரண்டின் வாசலில் பள்ளி விடும் நேரத்துக்கு என்னை ஓட்டிப் போகச் சொன்னார்கள். அங்கே அவள் இல்லை. மூன்றாவது மேட்டில் இருக்கிறது. மேட்டில் வண்டியை நிறுத்தி எடுக்க எனக்கு இன்னும் வரவில்லை. இரண்டாவது விண்ணப்பம், பெயர் எழுதாமல், பின்சீட்டில் கோப்புக்குள் இருக்கிறது. மாதக் கடைசிக்கு ஆறு நாள்.